பள்ளித் தீண்டாமையின் வரலாறும் ரூபா விஸ்வநாத்தின் ஆய்வும்

ரூபா விஸ்வநாத் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்தியச் சமயங்கள் துறைப் பேராசிரியர். சென்னை மாகாணத்துத் தலித் மக்களைப் பற்றி அவர் எழுதிய ‘தி பறையா பிராப்ளம்’ 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. பள்ளிகளை மட்டும் பேசும் நூல் அல்ல இது. நிலம், கூலி, குடியிருப்பு மனை, மதமாற்றம் எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் பொதுப் பள்ளியின் கதவு சேரிப் பிள்ளைகளுக்கு ஏன் அத்தனை காலம் மூடிக் கிடந்தது என்ற கேள்விக்கு இந்த நூல் தரும் விடையைப் போல ஆழமான விடைகள் குறைவு.

ஆய்வின் முக்கியக் களங்களுள் ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் வட்டாரமும் பொன்னேரி தாலுகாவும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஆட்சியராக இருந்த ஜேம்ஸ் டிரெமென்கீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 1892ஆம் ஆண்டின் அரசாணைக்கும், பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற, தலித் மக்களுக்கான நில ஒதுக்கீட்டுக்கும் அடிப்படை அதுதான். திருவள்ளூரையும் ஈக்காட்டையும் மையமாகக் கொண்டு பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் பறையர்களின் நில உரிமைக்காக எழுதியவர். அரசுக் கோப்புகளையும் மிஷன் ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிப்பது ரூபா விஸ்வநாத்தின் முறை. ஒன்று மறைப்பதை மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அப்படிப் படித்து அவர் கண்டது: பறையரின் துயரத்துக்கு வேர் உழைப்பைக் கட்டிப்போடும் ஏற்பாட்டில் இருந்தது. நிலவுரிமையாளரான மிராசுதாரிடம் படியாளாக, அதாவது கட்டுண்ட பண்ணையாளாக, இருந்தவர் கடனாலும் மனையாலும் பிணைக்கப்பட்டிருந்தார். குடிசை நின்ற மண்ணே நிலக்காரருக்குச் சொந்தமாக இருந்த ஊர்களில், எதிர்த்துப் பேசினால் வீடு போகும். ஆனால் அதிகாரிகளும் மிஷனரிகளும் சாதியைப் பெரும்பாலும் சமயத்தின் கோளாறாகவே பார்த்தார்கள். சமயம் என்றானபின் அரசு கைவைக்கக் கூடாது. மெல்ல மெல்ல மனம் மாறட்டும் என்று காத்திருப்பதே நியாயம் என்றாகிவிட்டது. கூலியும் நிலமும் பேசவேண்டிய இடத்தில் பேசுபொருள் மாறிப்போனது.

பள்ளிகளில் இந்தப் பார்வை எப்படி வேலை செய்தது என்பதற்கு முன்கதை உண்டு. 1856இல் தார்வாட்டில் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்த, தீண்டத்தகாதோராகக் கருதப்பட்ட மகர் சாதிச் சிறுவன் ஒருவனைப் பம்பாய் அரசு சேர்க்கவில்லை. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற கொள்கையைக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் 1858இல் உறுதிப்படுத்தினார்கள். 1882இன் ஹண்டர் கல்விக் குழுவும் அதையே ஏற்றது. கூடவே, தேவைப்படும் இடங்களில் தனிப் பள்ளி வைக்கலாம் என்றும் சொன்னது. பின்னால் வந்த வரலாறு முழுவதும் அந்த இரண்டாவது வாக்கியத்தின் வழியே நடந்தது என்றால் மிகையில்லை.

சேரிப் பள்ளிகள் பெருகின. சென்னை அடையாறு பகுதியில் 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி அவற்றுள் பெயர்பெற்றது. அவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பல குடும்பங்களில் முதல் எழுத்து அங்கேதான் பிறந்தது. ஆனால் வரிப்பணத்தில் நடந்த ஊர்ப் பள்ளியோ அக்கிரகாரத்திலோ, கோயில் சாவடியிலோ, சாதி இந்து ஒருவரின் வாடகைக் கட்டடத்திலோ இருந்தது. சேர்க்கமாட்டோம் என்று சொல்லவே வேண்டியதில்லை. அந்தத் தெருவில் பிள்ளை காலெடுத்து வைக்க முடியாது என்பதே போதும். 1919இல் அரசு விசாரித்தபோது பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட தலித் மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பொதுப் பள்ளிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1920இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாகி, ஒடுக்கப்பட்டோருக்கான மனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை அத்துறை கவனிக்கத் தொடங்கியது. சென்னைச் சட்டசபையில் தலித் தலைவர்களான எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் பொது இடங்களை நாடும் உரிமையைத் திரும்பத் திரும்ப எழுப்பிய காலம் அது. உரிமை என்று அவர்கள் கேட்டதற்கு ‘சமூக’ விஷயம் என்று பதில் வந்ததை ரூபா விஸ்வநாத் விரிவாகக் காட்டுகிறார். சமூகம் என்ற சொல்லே சட்டம் நுழையாத வேலியாயிற்று.

இந்த வேலியின் தன்மை அமெரிக்காவோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சட்டமே பிரித்தது. ஆகவே 1954இல் பள்ளிப் பிரிவினைக்கு எதிரான பிரவுன் வழக்கின் தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்க முடிந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் எப்போதும் திறந்த கதவையே பேசியது. பிரிவினை ஊரின் அமைப்பிலும் அலுவலகத்தின் தயக்கத்திலும் இருந்தது. ஒரே தீர்ப்பால் ரத்துசெய்யத்தக்க ஆணை எதுவும் இல்லை.

விடுதலைக்குப் பின் 1949இல் அரிசன நலத்துறை தனியே பிறந்தபோது தொழிலாளர் துறைப் பள்ளிகள் அதன்கீழ் வந்தன. அவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். சாதி இந்துப் பெற்றோர் பலர் இப்பள்ளிகளைத் தவிர்ப்பதால் தொடக்கத்தில் இருந்த பிரிவு பல ஊர்களில் நீடிக்கிறது. இவற்றையும் பிற துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது. அவ்வாண்டு நாங்குநேரியில் தலித் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும் பரிந்துரைத்தது.