காதில் விழுந்ததும் கருத்தில் எழுந்ததும்



பிள்ளைகள் பாடல் வரிகளைப் பிழையாகப் பாடும்போது நாம் சிரிக்கிறோம், சிலவேளை சினக்கிறோம். "என் பிள்ளை ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கிறான், அதன் சொற்கள் நன்றாக இல்லையே" என்று பெற்றோர் வந்து முறையிடுவதும் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. இப்படி ஒரு தந்தை எழுதிய முறையீடு அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரிக்கே போய், ஒரு பாட்டை எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறை ஈராண்டுக்கும் மேலாக ஆராய்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

அதற்கு முன், இத்தகைய செவிப்பிழைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் அமைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில்வியா ரைட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் சிறுமியாக இருந்தபோது, அவருடைய தாயார் பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றைப் படித்துக் காட்டுவாராம். 1592இல் கொலையுண்ட மரே பிரபுவைப் பற்றிய பாடல் அது. பிரபுவைக் கொன்று புல்தரையில் கிடத்தினார்கள் என்பது செய்தி. அந்த ஆங்கிலச் சொற்கள் சிறுமியின் செவியில் 'மொண்டெகிரீன் சீமாட்டி' என்று விழுந்தன. பிரபுவோடு ஒரு சீமாட்டியும் மடிந்தாள் என்று நம்பி, அவளுக்காக உருகியிருக்கிறாள் அந்தச் சிறுமி. 1954இல் ஹார்ப்பர்ஸ் இதழில் இதனைக் கட்டுரையாக எழுதியபோது, எல்லாச் செவிப்பிழைகளுக்கும் அச்சீமாட்டியின் பெயரையே சூட்டினார். 2008இல் அச்சொல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறிவிட்டது. பிழையாகக் கேட்டதுதான் மூலத்தைவிட அழகு என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பெரிதும் உடன்பாடே.

பேச்சில் சொற்களுக்கிடையே நாம் எழுதுவது போன்ற இடைவெளி இல்லை. புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒலித்தொடரை இருவகையாகப் பிரிக்கலாம் என்பதைத்தானே காளமேகப் புலவர் முதலானோர் சிலேடையாக்கிச் சுவைத்தார்கள்! புலவர் வேண்டுமென்றே செய்ததைக் குழந்தையின் செவி அறியாமல் செய்கிறது.

1970இல் ரிச்சர்ட் வாரன் என்னும் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பதிவுசெய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இருமல் ஓசையை வைத்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றே சொன்னார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. விடுபட்டதை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. ஏற்கெனவே அறிந்ததையும் எதிர்பார்ப்பதையும் கொண்டு நிரப்புகிறது. ஆசிரியர் பயிற்சியின்போது கேட்டல் திறனைப் பற்றிப் படித்தோம். மாணவன் சரியாகக் கேட்டானா என்று பார்க்கச் சொன்னார்கள். என்ன கேட்டான் என்று பார்க்கச் சொன்னதாக நினைவில்லை.

நம் மொழிக்கே இது நேர்ந்ததுண்டு. 'பெண்ணின் மனதைத் தொட்டு' (2000) படத்தில் பிரபுதேவா ஆடும் பாடல் ஒன்றைத் தமிழறியாத அமெரிக்கர் ஒருவர் 2007இல் யூடியூபில் ஏற்றினார். தம் காதுக்கு எட்டிய ஆங்கிலச் சொற்களையே திரையின் அடியில் எழுதியும் வைத்தார். பாட்டில் நிலவைக் குறித்து வரும் தொடர், அவர் செவியில் 'பென்னி லாவா' என்று ஓர் ஆளின் பெயராயிற்று! உலகமே சிரித்தது. தமிழரிலும் பலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். போகட்டும்.

சிரிப்போடு முடியாத கதைக்கு வருகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கறுப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1955இல் 'லூயி லூயி' என்ற பாடலை இயற்றி, 1957இல் இசைத்தட்டாக வெளியிட்டார். கப்பலில் வேலை செய்யும் ஒருவன், மதுக்கடைப் பணியாளரான லூயியிடம் தன் ஏக்கத்தைச் சொல்கிறான். ஜமைக்காவில் காதலி காத்திருக்கிறாள். அவளிடம் போக வேண்டும். பாட்டு அவ்வளவே. கடல் கடந்து வந்து தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன்மாருக்கு விளக்கவுரை தேவைப்படாத ஏக்கம் அது. திருமணச் செலவுக்காகப் பெர்ரி தம் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார்.

1963 ஏப்ரலில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் கிங்ஸ்மென் என்னும் இளைஞர் குழுவினர் அதனை மீண்டும் பதிவு செய்தார்கள். செலவு ஏறக்குறைய 50 டாலர். ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியதால் பாடகர் ஜேக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு. ஒரு சொல்லும் தெளிவாக விழவில்லை. ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

புரியாத பாட்டில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற கிசுகிசு மாணவரிடையே பரவியது. இசைத்தட்டை மெதுவாகச் சுழலவிட்டால் கேட்கும் என்றார்கள். 'உண்மையான வரிகள்' என்று எழுதிய தாள்கள் கைமாறின. வேடிக்கை என்னவென்றால், ஒரு தாளில் இருப்பது மற்றொன்றில் இல்லை. 1964 தொடக்கத்தில் இந்தியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ், அப்பாட்டை ஒலிபரப்ப வேண்டா என்று வானொலி நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அந்தத் தந்தை, தலைமைச் சட்ட அதிகாரி ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். மகள் இசைத்தட்டை வாங்கி வந்தாள். அது ஆபாசமெனத் தடுக்கப்பட்ட செய்தியைப் படித்த பின்னர், சொற்களைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன் என்கிறார். செய்தியைப் படித்த பின்னர்! வாரன் சோதனையில் இருமல் இருந்த இடத்தில், இங்கே செய்தித்தாள் இருக்கிறது. அவர் எதிர்பார்த்ததே அவர் காதில் விழுந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளையை எண்ணி அஞ்சிய மனிதர்.

எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில் இசைத்தட்டைப் பல வேகங்களில் சுழற்றிக் கேட்டார்கள். எந்த வேகத்திலும் சொற்கள் விளங்கவில்லை. ஆகவே, ஆபாசமா அன்றா என்று தீர்மானிக்க இயலவில்லை என்பதே முடிவு. பதிப்புரிமைக்காகப் பதிவாகியிருந்த உண்மையான வரிகள் அவர்களுடைய கோப்பிலேயே இருந்தன. பாடிய ஜேக் ஈலியை மட்டும் எவரும் அழைத்து, "தம்பி, என்ன பாடினாய்?" என்று கேட்கவில்லை. பாட்டின் நடுவே முரசடிப்பவர் குச்சியை நழுவவிட்டு ஒரு வசைச்சொல்லை உண்மையாகவே கத்தியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அத்தனை ஆராய்ச்சியிலும் அது எவர் காதிலும் விழவில்லை.

பெர்ரி 1980களில் வழக்கறிஞர் துணையோடு தம் பாடல் உரிமையை மீட்டார், 1997இல் காலமானார். புலனாய்வுக் கோப்பை எஃப்.பி.ஐ. தன் இணையத்தளத்திலேயே வெளியிட்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். மாணவர் கைமாற்றிய தாள்களின் வாசகங்களும் அதில் உள்ளன. ஆதலால் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டா.