சித்தூர், திருப்பதித் திருச்சபைகளில் முன்குறித்தல்

மீட்பு மனிதரின் தகுதியைப் பார்த்து வருவதன்று. உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தம் மக்களைக் கிறிஸ்துவுக்குள் தெரிந்துகொண்டார் என்பது முன்குறித்தல் கோட்பாடு. எபேசியருக்கும் ரோமருக்கும் பவுல் எழுதிய நிருபங்கள் இதற்கு ஆதாரம். 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இதை விரித்துரைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் கால்வின் அழுத்தம் கொடுத்தார். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இது இரண்டு வேறு வழிகளில் வந்து சேர்ந்தது.

சித்தூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1853-ல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை நிறுவினர். வேலூர், ஆரணியோடு சித்தூரும் அதன் தொடக்க நிலையங்களில் ஒன்று. அவர்கள் சார்ந்தது அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை. அச்சபையின் விசுவாசப் பிரமாணங்களுள் ஒன்று, 1618–19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய மாமன்றத்தின் தீர்மானங்கள். யார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்தே கடவுள் தெரிந்துகொண்டார் என்றனர் டச்சு இறையியலாளர் அர்மீனியுஸின் வழிவந்தோர். விசுவாசமே தெரிந்துகொள்ளுதலின் கனிதான், அதன் காரணமன்று என மாமன்றம் தீர்த்தது.

கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும் இந்தத் தீர்மானங்களுக்குள் ஆறுதலும் உண்டு. விசுவாசிகளின் பிள்ளைகள் சிறு பருவத்திலேயே இறந்துபோனால், அவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதைப் பெற்றோர் சந்தேகிக்கக் கூடாது என்று முதல் அதிகாரத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. 1876–78 பெரும்பஞ்சத்தில் வட ஆர்க்காடு பட்ட பாட்டை நினைத்தால் இந்த ஒரு பிரிவின் அருமை விளங்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மிஷன் சபைகளில் சேர்ந்த கிராமத்தவரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தங்கள் பிறப்பு முற்பிறவி வினையின் பயன் என்றே கேட்டு வந்தவர்கள் அவர்கள். எந்தச் செயலையும் கணக்கில் கொள்ளாமல் கடவுள் தெரிந்துகொள்கிறார் என்ற போதனை அந்தக் கணக்கையே புரட்டிப்போட்டது. தலையெழுத்தும் முன்குறித்தலும் ஒன்றே என்று சொல்வது மேலோட்டமான ஒப்பீடு.

திருப்பதிப் பக்கத்தில் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பணியாற்றியது. 1860-களில் அதைத் தொடங்கிவைத்தவர் ஆகஸ்ட் மிலியுஸ். நாயுடுபேட்டை, காளஹஸ்தி, திருப்பதி ஆகிய ஊர்களில் அது வேரூன்றியது. இவர்கள் லூத்தரன்கள். 1577-ஆம் ஆண்டின் இணக்க அறிக்கை இவர்களுக்கு வழிகாட்டி. மீட்புக்குத் தெரிந்துகொள்ளுதல் உண்டு, அழிவுக்கென முன்குறித்தல் இல்லை என்பது அதன் நிலை. கடவுளின் மறைவான ஆலோசனையைத் துருவாமல் கிறிஸ்துவையும் சுவிசேஷத்தையும் நோக்குவதே நம்பிக்கைக்கு வழி என்கிறது அது. டோர்ட் தீர்மானங்களும் துருவித் துருவி ஆராய்வதைத் தடுத்து, விசுவாசம், தேவபயம், பாவத்துக்காக வருந்துதல் ஆகியவற்றைத் தன்னுள் காண்பவர் நிச்சயம் பெறலாம் என்கின்றன. நிச்சயத்தை எங்கே தேடுவது என்பதிலும் இருவருக்கும் வேறுபாடு உண்டு.

முதல் உலகப் போரையொட்டி ஹெர்மன்ஸ்பர்க் களம் அமெரிக்காவின் ஒஹையோ சினாடு என்ற லூத்தரன் சபை அமைப்பின் கைக்கு வந்தது. இந்தச் சினாடு முன்குறித்தல் சர்ச்சையால் 1881-ல் மிசூரி சினாடோடு இருந்த கூட்டமைப்பை விட்டு விலகியது. இறையியலாளர் வால்தரின் தலைமையில் மிசூரியார் தெரிந்துகொள்ளுதலுக்குக் கிருபை மட்டுமே காரணம் என்றனர். ஒஹையோவினர் முன்னறியப்பட்ட விசுவாசத்தைக் கருதியே அது நிகழ்ந்தது என்றனர். அதே மிசூரி சினாடு 1895-ல் கிருஷ்ணகிரியில் மிஷன் தொடங்கி, பின்பு ஆம்பூருக்கும் பரவியது. ஆக அமெரிக்காவில் பிரிந்த இரு தரப்பினரும் இங்கே ஏறக்குறைய அண்டை அயலாரானார்கள்.

திருப்பதிக்கு இத்தகைய கேள்வி புதிதன்று. வைணவத்திலேயே, அருள் காரணமின்றி வருகிறதா, அடியவரிடம் ஒரு சிறு வியாஜமாவது (சாக்காவது) வேண்டுமா என்று தென்கலையும் வடகலையும் நூற்றாண்டுகளாக வாதிட்டன. பூனை குட்டியைக் கவ்விச் செல்வது முன்னதற்கும், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது பின்னதற்கும் உவமை.

ஆற்காடு மிஷனின் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. நிபந்தனையற்ற முன்குறித்தலை எதிர்த்த ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தனர். வேதாகமத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாகக் கொண்ட அத்திருச்சபை, இதில் ஒரு தரப்பை யார்மீதும் சுமத்தவில்லை. லூத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை. 1945-ல் தென் ஆந்திர லூத்தரன் திருச்சபையாக உருப்பெற்ற அவர்களது சபைக்குத் திருப்பதியே தலைமையிடம்.