வெள்ளி ரூபாயில் ஒரு சிறு வடு

நம் இல்லங்கள் பலவற்றில் பூஜை அலமாரிச் சம்புடத்தில் விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் நாலைந்தாவது இருக்கும். என் தாயார் விட்டுச் சென்றவை பதினொன்று. நவராத்திரிக்கு முன் அவற்றை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அவற்றுள் ஒன்றில் ராணியின் கன்னத்தருகே பிறை வடிவில் சிறு குழி. "அடிபட்ட காசு" என்று அதை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன். அது அடியல்ல, நற்சான்று என்று தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான்.

பாரதத்தின் மிகப் பழைய நாணயங்கள் முத்திரைக் காசுகள். 32 குன்றிமணி, அதாவது சுமார் 3.4 கிராம் எடையுள்ள வெள்ளித் துண்டுகள். மௌரியர் காலக் காசுகளின் ஒரு பக்கத்தில் பொதுவாக ஐந்து முத்திரைகள் இருக்கும். மறுபக்கத்தில் காணும் சிறு குறிகள் பல, வணிகர்கள் சோதித்துப் பார்த்து இட்டவை என்பது அறிஞர்கள் கருத்து. தமிழகத்திலும் இத்தொழில் இருந்தது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வரும் "வண்ணக்கன்" என்ற சொல்லுக்கு நாணயம் நோட்டம் பார்ப்பவர் என்று பொருள்.

மொகலாயர் காலத்தில் இப்பணி சராப்புகளிடம் இருந்தது. நடப்பு ஆண்டு ரூபாய்க்கு முழு மதிப்பு. பழைய ஆண்டு ரூபாய்க்கு வட்டம் பிடிப்பார்கள். சந்தேகம் வந்தால் சிறு உளியால் ஒரு குறி பொறித்துப் பார்ப்பார்கள். உள்ளே ஈயமோ செம்போ இருந்தால் வெளிப்பட்டுவிடும். இந்த வட்டத் தொல்லையை ஒழிக்கவே கிழக்கிந்தியக் கம்பெனி, எந்த வருடம் அச்சடித்தாலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே வங்காள ரூபாயில் பொறித்தது. பின்னர் 1835ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின். அதில் சுத்த வெள்ளி 165 கிரெயின். ஆயினும் கள்ள நாணயம் ஒழியவில்லை. சராப்பின் உளியும் ஓயவில்லை.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நாமே வேறுபாடு காணலாம். சராப்புக் குறி உள்ளே பதிந்திருக்கும். பிறை, வட்டம், பூ என்று தெளிவான வடிவம் இருக்கும். கோடு மேலே புடைத்திருந்தால் அது கீறல் அல்ல. அக்கசாலையில் அச்சு விரிசல் கண்டதன் அடையாளம். பைகளில் காசோடு காசு மோதிய வடுக்கள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தால் அது ஒரு காலத்தில் மாலையில் கோத்த காசு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்புறம், அடியிலுள்ள தாமரைப்பூவின் கீழ் சிறு புள்ளி இருந்தால் பம்பாய் அக்கசாலை, இல்லையேல் கல்கத்தா. இன்றைய நாணயங்களிலும் ஆண்டின் கீழ் வைரவடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறி இல்லையேல் கொல்கத்தா.

இனி, மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் கூட்டமாக ஒரே போக்கில் ஓடினால்? அவை நாம் தேய்த்ததால் வந்தவை. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு. அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் சிறிது போகிறது. அச்சின் நுட்பமும் மழுங்குகிறது. என் பதினொன்றில் பத்தின் முகம் அப்படித்தான் வழவழத்துவிட்டது. தப்பியது, நான் ஒதுக்கி வைத்த அந்த ஒன்றுதான்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய காசுகளைப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்க வேண்டாம். பூஜைக்கு மெல்லிய துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் "நாணயம்" என்ற ஒரே சொல்தான். யாரோ ஒரு சராப்பு அதைச் சோதித்து ஒப்புக்கொண்ட அடையாளம் அந்தச் சிறு வடு. பேரக்குழந்தைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள்.