செவிச்சுருள் மின்பதிவு

ஒலி காதுக்குள் நுழைந்ததும் உட்செவியிலும் அங்கிருந்து புறப்படும் செவி நரம்பிலும் மிகச் சிறிய மின்மாற்றங்கள் எழுகின்றன. அவற்றை அளந்து பதியும் சோதனையே செவிச்சுருள் மின்பதிவு; மருத்துவர்கள் எலெக்ட்ரோகோக்லியோகிராபி என்பார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துவது, சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்வது போன்ற வழக்கமான சோதனைகள் நோயாளியின் பதிலை நம்பியவை. இதற்கு அந்தப் பதில் வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கும் செய்யலாம், சிங்களம் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கும் எந்தக் குறையுமின்றிச் செய்யலாம். இலங்கையின் நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

உட்செவியிலுள்ள செவிச்சுருளை ஒரு மின்கலம் என்றே சொல்லலாம். அதன் நடுக்குழாயில் பொட்டாசியம் நிறைந்த திரவம் இருக்கிறது. அங்கே சுமார் 80 மில்லிவோல்ட் நேர் மின்னழுத்தம் எப்போதும் நிலவுகிறது. ஒலியை உணரும் மயிர்க்கலங்களின் மயிர்கள் அதிர்வில் சாயும்போது பொட்டாசியம் அக்கலங்களுக்குள் பாய்கிறது. இதிலிருந்து பதிவில் மூன்று கூறுகள் தெரியும். ஒலியின் வடிவத்தை அப்படியே பின்பற்றும் மைக்ரோஃபோனிக் அலை ஒன்று. ஒலி நீடிக்கும்வரை அடிக்கோட்டை ஒரு பக்கம் நகர்த்தி வைக்கும் கூட்டு மின்னழுத்தம் இன்னொன்று. மூன்றாவது, செவி நரம்பின் இழைகள் ஒருசேரத் துடிப்பதால் வரும் செயல் மின்னழுத்தம்.

1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் எர்னஸ்ட் வீவரும் சார்ல்ஸ் பிரேயும் ஒரு பூனையின் செவி நரம்பில் மின்வாய் வைத்தார்கள். பூனையின் காதருகே ஒருவர் பேசியது, வேறு அறையில் இருந்தவருக்குத் தொலைபேசிக் குழலில் தெளிவாகக் கேட்டது. நரம்பே பேச்சைச் சுமந்து வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அதில் பெரும்பகுதி மயிர்க்கலங்களின் மைக்ரோஃபோனிக் அலை என்பது பிறகுதான் தெளிந்தது. 1967இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் போர்ட்மனும் ழான்-மரி ஆரனும், செவிப்பறையை ஊடுருவும் ஊசி மின்வாயால் மனிதரிடம் பதிவெடுக்கும் முறையை வகுத்தார்கள்.

இன்று ஊசி எப்போதும் தேவைப்படுவதில்லை. நோயாளியைப் படுக்கவைத்து, நெற்றித் தோலைத் துடைத்து ஒரு மின்வாயை ஒட்டுவார்கள். ஈரப் பசை தோய்த்த மெல்லிய திரி போன்ற இன்னொன்று காதுத் துளைவழி இறங்கிச் செவிப்பறையைத் தொடும். அந்தக் கணம் சற்றுக் கூச்சம் தரும், அவ்வளவே. பிறகு ‘டிக் டிக்’ என்ற ஒலி நூற்றுக்கணக்கான தடவை ஒலிக்கும். கணினி அத்தனை பதிவுகளையும் சராசரி செய்ய, இரைச்சல் அடங்கி, ஒலி புறப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை மில்லிசெக்கனில் நரம்பின் துடிப்பு திரையில் ஒரு குழியாகத் தெரியும்.

மெனியர் நோயில் உட்செவித் திரவம் பெருகித் தலை சுழலும், காது இரையும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். அப்போது செயல் மின்னழுத்தத்துடன் ஒப்பிட, கூட்டு மின்னழுத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாவதுண்டு. இந்த விகிதம் மட்டும் நோயை முடிவு செய்யாது. நோயாளி சொல்லும் கதையும் வேண்டும். செங்குத்துச் சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவருக்குத் தலைச்சுற்று வந்தால், இரத்தக் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல் காதையும் விசாரிக்க வேண்டும்.

தோட்டங்களில் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரும் மின்விசிறியும் சல்லடையும் ஓயாமல் இரைகின்றன. 2009இல் ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் ஆகியோர் எலிகளில் கண்டது இங்கே பொருந்தும்: பேரிரைச்சலுக்குப் பின் கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும், மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள் பல அழிந்திருந்தன. மனிதரில் இதை மின்பதிவால் கண்டறியலாமா என்ற ஆய்வு தொடர்கிறது. அது முடியும்வரை காத்திராமல், ஸ்டோரில் நிற்பவருக்குக் காதடைப்பான் கொடுக்க வேண்டும்.

இச்சோதனை பிள்ளைகளுக்குத்தான் அதிகம் உதவும். எடை குறைந்து பிறப்பது தோட்டப் பகுதிகளில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். குறைமாதப் பிறப்பும் கடுமையான பிறப்பு மஞ்சள் காமாலையும் செவி நரம்பின் ஒத்திசைவைக் குலைக்கக்கூடியவை. அப்படி ஒத்திசைவு குலைந்த பிள்ளையிடம் மைக்ரோஃபோனிக் அலை நன்றாக இருக்கும். நரம்புத் துடிப்பு மூளைத்தண்டுக்குப் போவதைக் காட்டும் பதிவோ இருக்காது. காதிலிருந்து வரும் எதிரொலியை மட்டும் பார்க்கும் சோதனையில் இப்பிள்ளை தேறிவிடும். லயத்தில் கதவை அறைந்தோ தட்டைத் தட்டியோ பார்ப்பதும் ஏமாற்றும்: பலகை அதிர்வையும் நிழலையும் உணர்ந்தே பிள்ளை திரும்பும்.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. நுண்ணிய மின்பதிவுக் கருவிகளோ எங்குமே பெரிய நகர வைத்தியசாலைகளைச் சார்ந்தவை. கண்டிக்குப் போய்வந்தால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். பயணம் தள்ளிப்போவது இதனால்தான். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியோ பயிற்சியோ என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்ப்பவர்களும் மருத்துவ மாதுக்களும் சந்தேகம் எழுந்த அன்றே அந்தத் தாயை அனுப்பிவைக்க வேண்டும்; தோட்ட நிர்வாகம் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும்.