கத்தி படாத போஸ்ட்மார்ட்டம்

ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டின் முதல் பாதிக்குள்ளேயே அது ஒரு கொலை வழக்கில் நுழைந்துவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்றொரு சிற்றூர். அங்கே கணவன் சுட்டதில் ஒரு பெண்ணின் தலைக்குள் குண்டுகள் தங்கிவிட்டன. மான்செஸ்டர் பேராசிரியர் ஆர்தர் ஷூஸ்டரின் குழு எடுத்த படங்களில் அவை இருந்த இடம் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இவ்வளவு சீக்கிரம் வந்த கருவி பிணவறைக் கத்தியை ஓரங்கட்ட நூறாண்டுக்கு மேல் பிடித்தது. சாதாரண எக்ஸ்-ரே, உடம்பையே தட்டையான நிழலாக்கிவிடும். எலும்பும் உலோகமும் தெரியும், மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கும். 1971 அக்டோபரில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் லண்டனில் முதல் நோயாளியைப் படம்பிடித்த பிறகுதான் உடலை அறுக்காமலே அடுக்கடுக்காகப் பார்க்க முடிந்தது. 1977இல் ஜெர்மன் மருத்துவர்கள் சிலர், குண்டு பாய்ந்த தலைகளைச் சி.டி.யில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அதன்பின் நெடுநாள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உயிரோடிருப்பவர்களே வரிசையில் காத்திருக்கும்போது, பிணத்துக்கு எந்த ஆஸ்பத்திரி ஸ்கேன் நேரம் ஒதுக்கும்?

முறையான பரீட்சை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தடயவியல் மருத்துவ நிலையத்தில் நடந்தது. ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி ஆகியோரின் குழு 40 உடல்களை முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் படமெடுத்தது. பிறகு வழக்கம்போல அறுத்துப் பார்த்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டது. 2003இல் வெளியான கணக்கு இது: அறுத்தபோது கிடைத்த 47 மரணக் காரணங்களில் 26ஐப் படம் தானாகவே சொல்லியிருந்தது. பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். இதைத் தோல்வி என்பவரும் உண்டு. கத்தியே எடுக்காமல் பாதிக்கு மேல் கண்டுபிடித்தது சாதாரணமல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது.

பெர்னில் இது விஞ்ஞானிகளின் ஆர்வம். மான்செஸ்டரில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் துக்க வீட்டார். இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரியான கொரோனர் உத்தரவிட்டால், குடும்பம் மறுத்தாலும் பிரேதப் பரிசோதனை நடக்கும். அங்குள்ள ஆசார யூதர்களுக்கோ உடலை அறுக்கக் கூடாது, அடக்கத்தையும் தள்ளிப்போடக் கூடாது. 1997 முதல் அவர்களுக்காக எம்.ஆர்.ஐ. வழியே காரணம் தேடும் ஏற்பாடு அங்கே செயல்பட்டது. 53 உடல்களைப் பார்த்த அனுபவத்தை அந்த மருத்துவர்கள் 2002இல் எழுதினார்கள். அருகே லிவர்பூலில், ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் இறந்த பிள்ளைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்த செய்தி 1999இல் வெடித்தது. பிணவறை என்றாலே சந்தேகம் என்ற நிலை, மதக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கும் வந்தது.

மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் 182 உடல்களில் நடந்த ஆய்வு 2012இல் 'லான்செட்' இதழில் வந்தது. சி.டி. சொன்ன காரணம் 32 சதவீத உடல்களில் பெரிய அளவில் தவறாக இருந்தது, எம்.ஆர்.ஐ. 43 சதவீதத்தில். அதிகம் ஏமாற்றியவற்றில் இதயநோயும் நுரையீரல் ரத்தக்கட்டும் அடங்கும். காரணம் எளிது: இறந்தவர் உடலில் ரத்தம் ஓடாது, ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து அவற்றில் பரவி அடைப்பைக் காட்டாது. லெஸ்டரில் கை ரட்டியின் குழு இதயத் தமனிகளுக்குள் நேராகவே மருந்தைச் செலுத்திப் படமெடுத்தது. கணக்கில் சேர்த்த 210 உடல்களில் 92 சதவீதத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தது என்று 2017இல் அறிவித்தது. இதற்கிடையே 2015இல், குடும்பம் மத நம்பிக்கையின் பேரில் கேட்டால் ஸ்கேனைக் கொரோனர் பரிசீலித்தாக வேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் வழிகாட்டியிருந்தது.

ஜப்பானில் பிரேதப் பரிசோதனைகளே குறைவு. மருத்துவரான கைடோ தகேரு, அதை ஈடுகட்ட மரணத்துக்குப் பின் ஸ்கேன் என்ற யோசனையை 2006இல் ஒரு துப்பறியும் நாவலாகவே எழுதினார். அது திரைப்படமாகவும் வந்தது.

இந்தியாவில் முதல் சட்ட-மருத்துவப் பிரேதப் பரிசோதனையாகப் பதிவானது சென்னையில், 1693 ஆகஸ்டில். அங்கே புனித ஜார்ஜ் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் மருந்து சாப்பிட்டு இறந்துபோனார். முன்பு ஆர்செனிக் இடித்த உரலையே முத்துப் பொடி செய்யவும் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பொடிதான் மருந்து. கோட்டை அறுவை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி உடலைத் திறந்து அறிக்கை எழுதினார். இன்றைய ஸ்கேன் அன்று இருந்திருந்தாலும் நஞ்சின் பெயரை அது சொல்லியிருக்காது.

டெல்லி எய்ம்ஸில் ஸ்கேன் வழிப் பிரேதப் பரிசோதனை மையம் 2021 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவஸ்தவ் இறந்தபோது இந்த முறையில்தான் அவர் உடல் பரிசோதிக்கப்பட்டது. ஊடகங்களில் இது பரவலாகப் பேசப்பட்டது அப்போதுதான். எலும்பு முறிவு, தோட்டா, உள்ரத்தக் கசிவு போன்றவற்றில் படம் தெளிவாகப் பேசுகிறது. நஞ்சு என்று சந்தேகம் வந்தால் மட்டும் உள்ளுறுப்பு மாதிரிகள் இன்றும் ரசாயன ஆய்வகத்துக்குத்தான் போகின்றன.