புழுங்கலரிசியும் கை-வர்க்கச் சோதனையும்

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய வட்டாரங்களின் தோட்டங்களுக்குத் தொழிலாளராக வந்த தமிழர், தம்மோடு புழுங்கலரிசிச் சோற்றுப் பழக்கத்தையும் கொணர்ந்தனர். அப்பழக்கம் உயிர் காத்தது என்பதை எண்களைக் கொண்டு நிறுவ முடியுமா? அதனை ஈண்டு ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பலரைக் கொன்றது. தமிழரை அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன், 1907-இல் வெளியிட்ட நூலில், தீட்டிய பச்சரிசியே காரணம் என்றார். ஆயினும் இனம், இருப்பிடம், உணவு மூன்றும் பின்னிக் கிடந்தமையால், தமிழர் இத்துணையர், சீனர் இத்துணையர் என்று எண்ணியமட்டில் உண்மை விளங்காது.

அச்சிக்கலை அவிழ்த்தவர் அதே சிலாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905-இன் இறுதியில் அவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றையெண்ணினர்க்குச் சயாம் பச்சரிசியும், இரட்டையெண்ணினர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கினார். இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றினார். ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர்; புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் மாண்டிலர்.

இது தற்செயலோ? கார்ல் பியர்சன் 1900-இல் அளித்த கை-வர்க்கச் சோதனையைக் கொண்டு இன்று நாம் கணக்கிடுவோம். அரிசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று முதலிற் கொள்க. அங்ஙனமாயின், 243 பேரில் நேர்ந்த 18 சாவுகள் ஆள்தொகைக்கேற்பப் பிரிந்து, பச்சரிசியார்க்கு 8.9, புழுங்கலரிசியார்க்கு 9.1 என அமைதல் வேண்டும். பிழைத்தோர்க்கும் இவ்வாறே கணித்தால் 111.1, 113.9 என வரும். நான்கு அறைகளிலும் கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டுக. விடை 19.9. தொடர்பில்லாத நிலையில் 3.84-ஐத் தாண்டும் விடை நூற்றுக்கு ஐந்து முறையே வரும், 19.9 வருவதோ இலட்சத்தில் ஒருமுறையும் அரிது. ஆகவே 'தொடர்பில்லை' என்ற கொள்கை வீழ்ந்தது.

ஒன்று கருதத் தக்கது. இரண்டும் தொடர்பற்றவை அல்ல என்பதையே சோதனை கூறும். காரணம் இன்னதென்று கூறாது. தமிழர்-சீனர் அட்டவணையிலும் பெரிய விடை வந்திருக்கலாம். அதனால் இனமே காரணம் என்று பிழைபட முடிவு செய்திருக்கவும் கூடும். அரிசியைக் காட்டியது ஒற்றை இரட்டையாகப் பிரித்த முறையும் விடுதி மாற்றமுமே. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மாணவர்க்குச் சூத்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், அட்டவணை எவ்வாறு உண்டாயிற்று என்று வினவவும் கற்பித்தல் வேண்டும்.