பட்டைக்கூம்பின் கன அளவு

பல்கோண அடித்தளத்தினின்று முக்கோணப் பக்கங்கள் எழுந்து ஒரே சிகரத்தில் கூடும் திண்ம உருவம் பட்டைக்கூம்பு எனப்படும். எகிப்து தேசத்துப் பிரமிடுகளால் இது உலகப் பிரசித்தி பெற்றதாயினும், அடித்தளம் வட்டமாகுமிடத்து இதுவே கூம்பாகி அதே விதிக்கு உட்படுவதால், சேலம், நாமக்கல் சமவெளிகளின் களத்துமேடுகளில் நெல்லும் சோளமும் கேழ்வரகும் குவிந்து நிற்கும் அம்பாரம் ஒவ்வொன்றும் இக்கணிதத்தின் பாற்பட்டதேயாம்.

அடித்தளப் பரப்பை உயரத்தால் பெருக்கி, அதில் மூன்றிலொரு பங்கு கொள்வதே அவ்விதி. அந்நிலத்தில் மிகுதியாய் விளையும் குச்சிக்கிழங்கின் துண்டொன்றைக் கனசதுரமாகச் சீவி, ஒரு மூலையைச் சிகரமாகவும் அம்மூலையைத் தொடாத மூன்று முகங்களை அடித்தளங்களாகவும் வைத்து அறுப்போமாயின், முற்றும் ஒத்த மூன்று பட்டைக்கூம்புகள் கிடைக்கும்; மூன்றிலொன்று என்பதன் காரணம் அப்போது கண்கூடாகும். எனினும் இவ்வுண்மை எளிதில் கைவந்ததன்று. கி.பி. 499இல் ஆரியபடீயத்தை இயற்றிய ஆரியபடரே முக்கோண அடித்தளமுடைய திண்மத்துக்குப் பாதி என விதித்தார். முக்கோணப் பரப்புக்குப் பாதி கொள்ளும் வழக்கமே அம்மேதையை அவ்வாறு எண்ணச் செய்திருத்தல் கூடும். 628இல் பிரம்மகுப்தர் மூன்றிலொன்று எனத் திருத்தமாக உரைத்தார்.

களத்துக்கு இக்கணிதம் பயன்படுமாற்றை, 1150இல் பாஸ்கரர் ஆக்கிய லீலாவதியில் காணலாம். குவியலின் உச்சியை எட்டி உயரம் அளப்பது அரிது. தானியம் தானே சரிந்து நிற்கும் சாய்வு ஏறக்குறைய மாறாததாகலின், சுற்றளவில் பருந்தானியத்துக்குப் பத்திலொன்றும், நுண்தானியத்துக்குப் பதினொன்றிலொன்றும், நெல் போன்ற கூருள்ள தானியத்துக்கு ஒன்பதிலொன்றும் உயரமென அந்நூல் கூறும். சுற்றளவின் ஆறிலொன்றை வர்க்கித்து உயரத்தால் பெருக்கின் கன அளவு வரும். சுற்றளவு 18 முழமாயின் உயரம் 2, கன அளவு 18 கன முழம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தின் மும்மடங்காகக் கொண்டமையால் இவ்விடை உண்மையினும் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றே குறைவாக மிகும். களத்துக் கணக்குக்கு இது போதுமான துல்லியமே.

ஒப்பிடுமிடத்துத்தான் கண் ஏமாறுகிறது. மேற்சொன்ன நெற்குவியலின் சுற்றளவு இரட்டித்து 36 முழமானால் உயரமும் இரட்டித்து 4 முழமாகும். நெல்லோ 144 கன முழமாக, எண்மடங்காகும். உயரம் மாத்திரம் இரட்டித்தால் கன அளவு இருமடங்கே. அடித்தளத்தின் நீள அகலங்கள் மாத்திரம் இரட்டித்தால் நான்கு மடங்கு. கீசாவிலுள்ள கூஃபுவின் பிரமிடு, பக்கம் 230 மீட்டரும் ஆதி உயரம் ஏறத்தாழ 146 மீட்டருமாய், சுமார் 26 லட்சம் கன மீட்டர் கொள்ளும். மெக்சிகோவின் சோலூலாப் பிரமிடு அதன் பாதி உயரத்தையும் எட்டாதது. ஆயினும் அடித்தளத்தின் விரிவால் 44 லட்சம் கன மீட்டரென மதிக்கப்படுகிறது.

சுவரையொட்டிய குவியலுக்கும் லீலாவதியில் வழியுண்டு: வெளித்தெரியும் வளைவை இரண்டால் பெருக்கி முழுச் சுற்றாக்கிக் கணித்து, விடையை இரண்டால் வகுக்க வேண்டும், அறையின் உள்மூலையில் குவிந்ததாயின் அவ்விரண்டுக்குப் பதில் நான்கு.